உங்கம்மாகிட்ட சொல்லு

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை மீட்டிங்கில் என் திரையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தபோது அப்பா ஆரம்பித்தார். டிங். டிங். டிங். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனிச் செய்தி. பெங்களூர் ஆட்களும் ஹைதராபாத் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, திரையின் மூலையில் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தது.

உங்கம்மாகிட்ட
சொல்லு
மோோோட்டாரு
ரூ
ரூம்
சாாாவி
எங்க

மேனேஜர், "எல்லாம் ஓகேவா கோகிலா?" என்றார். ஊரில் ஒரு சாவியைக் காணோம் என்றேன்.

மீட்டிங் முடிந்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒட்டி, "மோட்டார் ரூம் சாவி எங்கேன்னு அப்பா கேக்கறாங்க" என்று அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா தட்டுவதில்லை. போனிடம் பேசிவிடுவாள், அது எழுதிக்கொள்ளும். "உங்கப்பாகிட்ட சொல்லு, காலண்டருக்குப் பொறகால ஆணியில தொங்குது. நாப்பது வருசமா அங்கதான் தொங்குது." காலண்டரையும் ஆணியையும் அப்பாவுக்கு அனுப்பினேன். நாற்பது வருடத்தை அனுப்பவில்லை.

அப்பா கோபியில் தனியாக இருக்கிறார். அம்மா காங்கேயத்தில், தன் தம்பி தங்கவேலு மாமா வீட்டில். வைகாசியில் மாமா மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்த அப்பா, இலையில் சோறு விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்தார், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். சம்பந்தி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, கூடப்பிறந்தவன் வீட்டு விசேஷத்தில் புருஷன் கை நனைக்காமல் போனால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? "வந்து எந்தம்பி வீட்ல ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு என்னையக் கூட்டிட்டுப் போகட்டும்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "போனவளுக்கு வரத் தெரியாதா" என்பது அப்பாவின் பதில். ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டால் உப்பு சரியில்லை என்கிறார். ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஆளுக்கு உப்பு எப்படித் தெரிந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அதிலிருந்து இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சாவி, மோட்டார், காஸ் புத்தகம் எல்லாம் சென்னையில் இருக்கும் என் வழியாகத்தான் போய் வருகிறது.

இவர்கள் ஒரே வீட்டில் இருந்தால்தான் நான் அங்கே போய் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியும். இப்போது சொன்னால் இரண்டு ஊரில் இரண்டு அழுகை, அதையும் நான்தான் இங்கிருந்து அங்கே கடத்த வேண்டியிருக்கும். என்ன விஷயம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இனி அரை லிட்டர் பால் போதும் என்று கடையில் சொன்னேன். ஏம்மா என்றார் கடைக்காரர். வெயிலுக்குக் கெட்டுப்போகிறது என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

துணி துவைத்தேன், தண்ணீர் கேன் வந்தது, ஸ்கிரிப்ட் எழுதினேன்.

பழைய லேப்டாப்பில் என் சாட் எப்போதும் திறந்தே கிடக்கும். அதில் தானாக ஓடுகிற சின்ன நிரல்தான் இந்த ஸ்கிரிப்ட். அப்பாவிடமிருந்து "உங்கம்மாகிட்ட" என்று வந்தால் விழித்துக்கொள்ளும். பின்னால் வருகிற துண்டுகளை வரவர எடுத்து வைத்துக்கொள்ளும். மூன்று நிமிடம் அப்பா சும்மா இருந்தால், சரி, மனிதர் சொல்லி முடித்துவிட்டார் என்று எல்லாவற்றையும் ஒரே செய்தியாகக் கோத்து, "அப்பா சொல்றாங்க" என்று முன்னால் போட்டு அம்மாவுக்கு அனுப்பிவிடும். அம்மாவிடமிருந்து அப்பாவுக்கும் அதே வழி. அனுப்பியதை என் பக்கத்தில் மட்டும் அழித்துவிடும். இந்தச் சண்டையை நான் படிக்கக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு வேலையும்.

அப்பா ஒரே எழுத்தை நாலைந்து தடவை அழுத்துகிறார். பெரிய விரல், சின்ன போன், அவசர புத்தி. ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால் ஒன்றாக்கு என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது அப்பா அழகாக எழுதுகிறார்.

பத்து வருடமாக மென்பொருள் சோதிக்கிற வேலை பார்க்கிறவள் என்பதால் ஒழுங்காகச் சோதித்தேன், அலமாரியில் கிடந்த இன்னொரு போனை வைத்து. சோதனைச் செய்தி எந்தக் காரணத்துக்காகவும் உண்மையான ஆளுக்குப் போகக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது.

இருவரிடமும் இதைச் சொல்லவில்லை. "நீ சொல்லாம மெசினு சொல்லுதா?" என்று இரண்டு பேரும் கோபித்துக்கொள்வார்கள். அந்த ஒரு விஷயத்திலாவது ஒற்றுமை வரும்தான், ஆனாலும் வேண்டாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாள் முழுக்க டிங் சத்தமே இல்லை. அப்பா, அம்மா இருவரின் சாட்டுகளையும் ஊமையாக்கி வைத்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் பாட்டுக்கு வேலை செய்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு ரசம் வைத்தேன், நிறைய மிஞ்சிவிட்டது.

சாயங்காலம் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். அம்மா தினமும் என்னிடம் "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" என்று கேட்பாள். யுவா புனேயில் இருக்கிறார், ஆபீஸ் வேலை, அதை முன்பே சொல்லியாயிற்று. தினமும் என்ன புதிதாகச் சொல்வது? அதனால் அம்மாவின் செய்தியில் மாப்பிள்ளை என்று வந்தால், "நல்லா இருக்கார்ம்மா, ஆபீஸ்ல இருக்கார்" என்று ஸ்கிரிப்டே பதில் போடும். கடத்துகிற வேலையில் இது சேராது. இரண்டு வரிதானே என்று போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மதியம் அம்மா போன் செய்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"எப்ப இருந்து கண்ணு?"

"எது எப்ப இருந்தும்மா?"

"உனக்கு முன்னாலயே தெரியுமா? தெரிஞ்சேதான் சொல்லாம வெச்சிருந்தயா?"

எப்படியோ விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். "உனக்கு யாரும்மா சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லுவா, அவரேதான். செரி விடு. நீயும் பாவம், என்ன பண்ணுவே. நடுவுல நின்னு எல்லாத்தையும் சொமக்கறே." வைத்துவிட்டாள்.

அவர் என்றால் எந்த அவர்? யுவா அம்மாவிடம் பேசினாரா? பேசியிருந்தால் நான் பாவம் என்று மட்டும் சொல்லி வைப்பாளா? ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் சாட்டைத் திறந்து பார்த்தேன். உங்கம்மாகிட்ட. சொல்லு. பருப்புப்பொடி. எப்படி. அரைக்கறது. அதற்குக் கீழே, இந்தச் செய்தி நீக்கப்பட்டது, இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று வரிசையாக நிற்கிறது. தப்பும் தவறுமாகத் தட்டிவிட்டு அழித்திருப்பார்.

பருப்புப்பொடி எப்படி அரைப்பது என்று கேட்டதற்கா அம்மா அழுகிறாள்?

ஆகஸ்ட் 23, சனி

அம்மாவின் சாட்டில் இன்று காலை இருந்தது இது: "உங்கப்பாகிட்ட சொல்லு, எடது கையில சாப்பிட்டா ஒண்ணும் ஆயிராது. கரண்டி மேல் செல்புல இருக்குது. யாரு பாத்தா என்ன."

இதை நாலு தடவை படித்தேன். கரண்டியை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் சாட்டில் "கரண்டி" என்ற வார்த்தையே இல்லை. ஸ்கிரிப்ட் எங்கிருந்தோ செய்திகளைக் கலந்துவிடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

பதினோரு மணிக்கு அப்பா போன். அவராகப் போன் செய்வதே அபூர்வம்.

"அம்மிணி, உங்கம்மா எங்காச்சும் குறி கேக்கப் போனாளா?"

"குறியா? ஏனுங்கப்பா?"

"இல்ல... நான் மனசுல நெனைக்கறதுக்கெல்லாம் அங்கிருந்து பதிலு வருது." சிரித்தார். "நாப்பது வருசம் ஒரே வீட்ல இருந்ததுக்கு உள்ள இருக்கறது தெரியும்போல. நான்தான் அவள ஒண்ணுந் தெரியாதவன்னு நெனச்சிட்டு இருந்துட்டேன். செரி, வெச்சர்றேன்."

வைகாசிக்குப் பிறகு அப்பா சிரித்துக் கேட்டது இன்றுதான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அவர் எதற்குச் சிரிக்கிறார், அம்மா எதற்கு அழுகிறாள் என்று தெரியாமல் எப்படிச் சந்தோஷப்படுவது? நடுவில் நிற்பவள் நான். எனக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஸ்கிரிப்டை முழுதாகச் சோதித்தேன். எல்லாம் பாஸ்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையைக் கடையில் வாங்கி வந்து விளக்கேற்றிக் கும்பிட்டேன். நாலு வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. கீழ்வீட்டில் கொடுத்தேன். "சார் இன்னும் வரலையா?" என்று அந்த அம்மா கேட்டார். வேலை அதிகம் என்றேன்.

அம்மா காலையில், "மாப்பிள்ளைக்கு இன்னிக்கு லீவுதானே?" என்று கேட்டிருக்கிறாள். ஸ்கிரிப்ட் உடனே, "நல்லா இருக்கார்ம்மா, ஆபீஸ்ல இருக்கார்" என்று போட்டுவிட்டது. நான் பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "செரி கண்ணு" என்று மட்டும் அம்மா எழுதியிருந்தாள். விடுமுறை நாட்களுக்கு வேறு பதில் வைத்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

அதற்குக் கீழே அப்பாவுக்கு ஒன்று போயிருக்கிறது. "உங்கப்பாகிட்ட சொல்லு, எனக்கும் அப்படித்தான் இருக்குதுன்னு."

எப்படி இருக்கிறது? அப்பாவின் பக்கம் போய்ப் பார்த்தால், புள்ளையாருக்கு அருகம்புல் வெச்சாச்சு என்று ஒரு தகவல், அதன் கீழ் நீக்கப்பட்ட செய்தி ஒன்று. அருகம்புல் வைத்தால் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்றால் எனக்கு மண்டை காய்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

ஆபீஸ் வேலைக்கு நடுவில் தங்கவேலு மாமா போன்.

"என்னம்மிணி நடக்குது அங்க? உங்கம்மா காலையில எந்திரிச்சா, பைய எடுத்தா, எங்கூட்டுக்குப் போறேன்னு கெளம்பி நிக்கறா. மச்சான் வந்து கூப்பிடாம போகமாட்டேன்னு சொன்னவ அவதானே? நாங்க ஏதாச்சும் கொறை வெச்சுட்டமா?"

"அதெல்லாம் இல்லைங்க மாமா."

"பின்ன என்னதான் ஆச்சு? நீதானே ரெண்டு பேருக்கும் பேசறே?"

"எனக்கும் தெரியலைங்க மாமா."

நான் மறைக்கிறேன் என்று நினைத்து மாமா வருத்தத்தோடு வைத்துவிட்டார். அம்மா மதியம் கோபிக்குப் போய்ச் சேர்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் யார் வீட்டிலும் ஒரு வாய் சாப்பிடவில்லை, சண்டை முடிந்துவிட்டது. நான் இதற்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேன். இப்போது எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இன்னும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள்.

உங்கப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது. உங்கம்மாகிட்ட சொல்லு, குளிச்சுப்போட்டு வாரேன். சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. செய்தி மூன்று நிமிடம் காத்திருந்து, சென்னை வந்து, திரும்பிப் போகிறது. சோறு ஆறத்தான் செய்யும்.

செப்டம்பர் 4, வியாழன்

அம்மா வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"நாளைக்கு ஈரோட்டுல டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன். வரமாட்டேங்கறாரு. நீயும் ஒரு வார்த்தை சொல்லு."

"யாருக்கு என்னம்மா?"

"உங்கப்பா கைக்குத்தான்."

"கைக்கு என்ன?"

"வெளையாடறயா அம்மிணி? நீதானே எல்லாத்தையும் எழுதி அனுப்புனே."

நிறைய அனுப்பினேன், எதைச் சொல்கிறாய், ஒருதரம் படி என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

"அப்பா சொல்றாங்க. உங்கம்மாகிட்ட சொல்லு பருப்புப்பொடி எப்படி அரைக்கறது. கை நடுங்குது துளசி. நெம்ப நாளா இருக்குது. அன்னிக்கு சோத்த எடுத்தேன் எல்லாம் மடியில கொட்டிப்போச்சு. எதுக்க உக்காந்தவன் பாத்துட்டு சிரிச்சான். அதான் எந்திரிச்சேன்."

அப்பா என்னிடம் பேசும்போது அம்மாவைத் துளசி என்று சொன்னதே இல்லை. உங்கம்மாதான்.

அம்மா போனை வைத்த பிறகுதான் புரிந்தது. துண்டுகளை வரவர எடுத்து வைக்கச் சொன்னேன். எழுதியவர் அதை அழித்துவிட்டால் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்லவே இல்லை. அப்பா எழுதியிருக்கிறார், மகள் பார்த்துவிடப் போகிறாள் என்று அழித்திருக்கிறார். என் கண்ணுக்கு வரவில்லை, அம்மாவுக்கு முழுதாகப் போய்விட்டது. அம்மா அவர் மனம்விட்டுச் சொன்னதாக நினைத்துப் பதில் சொல்கிறாள். தான் சொல்லாமலே அவளுக்குத் தெரிகிறது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். முதல் வருடம் வேலைக்கு வந்தவன்கூடக் கண்டுபிடிக்கிற பிழை, எங்கள் பாஷையில் பக். நான் எல்லாம் பாஸ் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

அதைவிட மோசம் அந்த இன்னொரு வரி. மோோோட்டாரு. சாாாவி. ஒரே எழுத்து தொடர்ந்து வந்தால் ஒன்றாக்கு என்று போட்டேனே. பெரிய விரலாம், அவசர புத்தியாம். அப்பாவின் கை நடுங்குவதை மூன்று மாதமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்து, அதை அழித்துவிடுவதற்கு ஒரு வரி எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வீட்டில் யாரும் இல்லாதபோது குழாயை எதற்குத் திறந்தேன் என்று பிறகுதான் நினைத்தேன்.

இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. பக் என்றால் திருத்த வேண்டும். அப்பா அழித்ததை இன்னொருவருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பக் இல்லாமல் போயிருந்தால் அம்மா இன்றும் காங்கேயத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஒன்று மட்டும் நல்லது. இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இனி நான் போய் என் விஷயத்தைச் சொல்லலாம். அடுத்த வாரம் போகலாம். முதலில் அப்பா டாக்டரைப் பார்க்கட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். முழுதாகப் போகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றாராம். அப்பா உள்ளே போய் உட்கார்ந்ததும் கை நடுங்காமல் நின்றுவிட்டதாம். "டாக்டரக் கண்டா கையிகூட மரியாதை குடுக்குது" என்று அம்மா சொன்னாள். கோபிக்கு அடுத்த வாரம் போக டிக்கெட் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் பார்க்கலாம்.

செப்டம்பர் 6, சனி

பக்கைத் திருத்தினேன். யாராவது செய்தியை அழித்தால், எடுத்து வைத்ததிலிருந்தும் போய்விட வேண்டும். எழுதி முடித்தபின் சோதிக்க அந்தப் பழைய போனை எடுத்தேன். சிம் வேலை செய்யவில்லை. அது யுவா பெயரில் வாங்கியது. நிறுத்திவிட்டார் போலிருக்கிறது.

சரி என்று என் எண்ணையே சேர்த்துக்கொண்டேன். எனக்கு நானே அனுப்பும் சாட்டில் சில வரிகள் தட்டுவது, ஒவ்வொன்றாக அழிப்பது, மூன்று நிமிடம் காத்திருப்பது. எதிர்பார்ப்பது: எதுவும் போகக் கூடாது. சோதனைக்கு ஏதாவது தட்டியாக வேண்டும், ஏதோ தட்டினேன். அழித்தேன். காத்திருந்தேன்.

நடந்தது: போய்விட்டது. அப்பா, அம்மா இருவருக்கும்.

எப்படி என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. திருத்தத்தை அவர்கள் இருவருடைய பகுதியில் மட்டும் போட்டிருக்கிறேன், என் எண்ணுக்குப் போடவில்லை. அது கவனக்குறைவு. ஆனால் போய்ச் சேரும் இடம்? சோதனைக்கு முன் அதைத்தான் முதலில் மாற்றுவேன். பத்து வருடத்தில் ஒரு தடவைகூட மறந்ததில்லை. இன்று மறந்திருக்கிறேன். மறந்துதான் இருக்க வேண்டும், வேறு என்ன?

திரும்பப் பெறவும் வழியில்லை. அனுப்பியதை என் பக்கத்தில் அழித்துவிட வேண்டும் என்று நான்தானே எழுதியிருக்கிறேன். போனது இது, நினைவிலிருந்து:

"கோகிலா சொல்றாங்க. சோதனை ஒன்று. சோதனை இரண்டு. யுவா ஏப்ரல்லயே போயிட்டார். புனே எல்லாம் பொய். வீட்ல பேச ஆள் இல்ல. சோதனை மூன்று. அம்மா நீ வா."

இரண்டு பேரும் படித்துவிட்டார்கள் என்று மட்டும் ஸ்கிரிப்டின் பதிவில் தெரிகிறது. அப்பாவிடமிருந்து பதில் இல்லை. அம்மாவிடமிருந்தும் இல்லை. லேப்டாப்பை மூடினேன். போனை அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் மணி அடித்தது. தண்ணீர் கேன் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். அம்மா நின்றிருந்தாள், பின்னால் அப்பா. அப்பாவின் இடது தோளில் பை. வலது கையை அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போன எதுக்கு அணைச்சு வெச்சே?" என்பதுதான் அம்மாவின் முதல் வார்த்தை. "பஸ்ல உக்காந்து வழியெல்லாம் அடிச்சேன். உசுரே போயிருச்சு எனக்கு."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். காலியாக இருந்த பாதி அலமாரியைத் திறந்து மூடினாள். பிரிட்ஜைத் திறந்து நின்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் கண்ணு" என்றாள் அம்மா. "ஏப்ரல்ங்கறதுதான் தெரியாது. ஏதோ சரியில்லைங்கறது தெரியும்."

"எப்படிம்மா?"

"தெனமும் கேட்டனே. தெனமும் ஒரே பதிலு. ஒரு எழுத்து மாறல. சதுர்த்தி அன்னிக்கும் ஆபீஸ்ல இருக்காருன்னே. நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னுதான் விடாம கேட்டுட்டே இருந்தேன்."

மாப்பிள்ளை நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். "அதுக்குப் பதில் சொன்னது நான் இல்லம்மா" என்றேன். ஸ்கிரிப்ட் விஷயம் முழுவதையும் சொன்னேன். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். புரிந்த பாதியே போதுமாக இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இத்தன நாளா எனக்குப் பதிலு போட்டது நீ இல்ல?"

"இல்லம்மா."

"நேத்து வந்தது?"

"அது நான்தான். எழுதிட்டு அழிச்சுட்டேன். அழிச்சதுதான் உங்களுக்கு வந்துருச்சு."

"வந்ததும் நல்லதாப் போச்சு. இப்ப வாயால சொல்லு."

சொன்னேன். யுவா ஒரு சனிக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு போனது, சண்டை எதுவும் இல்லாமலே போனது, ஏன் என்று கேட்டதற்கு "உன்கிட்டப் பேசறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்லை கோகிலா" என்று சொன்னது. அதன் பிறகு ஒரே ஒரு தடவை வந்து மிக்ஸியையும் சட்டைகளையும் எடுத்துப் போனது. விட்டுவிட்டுத்தான் சொல்ல வந்தது. சொல்ல முடியாத இடங்களில் நின்றேன், ரொம்ப நேரம் நின்றேன். இருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மா என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக இந்த நோட்டில்கூட எழுதாததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

முடிந்ததும் அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, காப்பி போடப் போகிறேன் என்று எழுந்தாள். அப்பா எழவில்லை. எதையோ கணக்குப் போடுகிறவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நீ அழிச்சது எங்களுக்கு வந்துதில்ல. அப்படீன்னா நான் அழிச்சது?"

நான் மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தேன்.

"உங்கம்மாளுக்குப் போயிருக்குமா கண்ணு?"

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாற்பது வருடம் கூட இருந்ததால் தன் மனதில் இருப்பது அவளுக்குத் தெரிகிறது என்று போனில் சிரித்தவர். இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அந்தச் சிரிப்பு போய்விடும். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கும் இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும், தன் கையில் வந்ததெல்லாம் அவர் அனுப்பாதது என்று. கையில் பால் பாக்கெட்டோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏதோ சொல்ல வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், நேராக அவரிடம் சொன்னாள்.

"வந்துச்சுங்க. எல்லாம் வந்துச்சு. இனிமே எழுதுனா அழிக்காதீங்க."